ஒரு மூட்டைச் சுண்ணாம்பு

ஏஞ்சலின் கையிலும் காலிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்ணில் இறங்கினாள். தேர்வாய் கண்டிகையில் புதிதாக வரும் கம்பெனிக்குத் தரை கெட்டிப்படுத்தும் வேலை. ஏரியை ஒட்டிய களிமண். காலை வைத்தால் விடாது. அதன் மேல் நீற்றாத சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, டிராக்டரால் உழுது கலந்து, டேங்கரில் தண்ணீர் தெளித்தால் குபுகுபுவென்று ஆவி கிளம்பும். மறுநாள் அதே களிமண் பொலபொலவென்று உதிரும். ரோலர் ஓட்டிவிட்டால் லாரி போனாலும் அமுங்காது. மண்ணுக்கு நல்ல மருந்துதான், மனிதத் தோலுக்குத்தான் ஆகாது.

போன வாரம் அவள் புருஷன் இம்மானுவேல் மூட்டையைப் பிரித்தபோது காற்று திரும்பிவிட்டது. தூள் மொத்தமும் அவன் முகத்தில். கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடிகள் இல்லாமல் இல்லை. சைட் ஆபீசில் கவர் பிரிக்காமல் ஆணியில் தொங்கின. பெரிய ஆபீசர்கள் வரும் நாளில் மட்டும் கீழே இறங்கும். வலது கண் இனி தேறாது, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் இடது கண் தப்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலை செய்யும்போது பட்ட அடி என்று கம்பெனி ஒப்புக்கொண்டால் செலவு அவர்களுடையது. விசாரிக்க ஆள் வருமாம். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கேட்டால், "நாங்க அந்தாண்ட நின்னுகினு இருந்தோம்" என்கிறார்கள்.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் பைக்கை அவளருகே நிறுத்தினான். இத்தனை நாளும் அவளை "ஏய்" என்று கூப்பிட்டவன்.

"ஏஞ்சலின்மா, கிறிஸ்மஸ் வருதே, ஊட்டுக்கு வெள்ளையடிக்கலையா?"

"ஊடு இருக்கிற நெலமைல அது ஒண்ணுதான் கொறச்சல் சார்."

"அப்படிச் சொல்லாதம்மா. ஒரு மூட்ட சுண்ணாம்பு அனுப்பறேன்."

மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறதென்று ஒரு காலிப் பை கேட்டதற்கு நாயை விரட்டுவதுபோல விரட்டியவன் இவன்.

"கூலில புடிச்சிக்குவீங்களா சார்?"

"ஒத்த பைசா புடிக்கமாட்டேன்மா."

சாயங்காலம் டிராக்டர்காரன் பரசுராமன் மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். ஏஞ்சலின் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தையல் பிரிக்காத பை, கம்பெனி முத்திரையோடு. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நாளைக்குத் திருட்டுப் பட்டம் கட்டத்தான் இந்த வேலை!

"அண்ணே, இத சூப்பர்வைசர்தான் குடுத்தனுப்பினாருன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லிட்டுப் போ."

பரசுராமன் சிரித்துக்கொண்டே தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பிரின்சி எட்டிப் பார்த்தாள். "வாங்கிக்கோயேன் அக்கா. அவருக்கும் மனசு உறுத்துமில்ல?"

உள்ளே, இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்த இம்மானுவேல் மூக்கை உறிஞ்சினான். "அந்த வாசன வருதே. இன்னா அது, ஏஞ்சலு?"

"சுண்ணாம்பு. சும்மா குடுத்தாங்க."

"வேணாம். திருப்பிக் குடுத்துடு."

திருப்பித்தான் கொடுத்திருப்பாள். ஆனால் தெருவில் எல்லா வீட்டிலும் வெள்ளையடித்து நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் வீட்டுச் சுவரில்தான் புகைக்கரி. தெருவே சாட்சி இருக்கும்போது யார் திருடி என்று சொல்லிவிட முடியும்? டிரம்மில் தண்ணீர் நிரப்பித் தூளைக் கொட்டினாள். அது கொதித்துப் பொங்கிய சத்தத்தில் இம்மானுவேல் கட்டிலில் கால்களை இழுத்து மடக்கிக்கொண்டான். அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. ஆறியதும் துணியில் வடிகட்டி, நீலம் கலந்து, மறுநாள் காலையில் மட்டையால் அடிக்கத் தொடங்கினாள்.

உள்சுவர் முடித்து வாசல் சுவரில் பாதி அடித்திருந்தபோது கார் வந்து நின்றது. மோகன்ராஜும், விசாரிக்கும் ஆளும். அந்த ஆள் தன்மையாகத்தான் பேசினார்.

"சுண்ணாம்பு நீங்களே கலப்பீங்களாம்மா?"

"ஆமா சார்."

"ஒவ்வொரு வருஷமும்?"

"முடிஞ்ச வருஷம் அடிப்போம் சார், கிறிஸ்மஸுக்கு."

அவர் போனை எடுத்து டிரம்மைப் படம் பிடித்தார். மூட்டையை, மட்டையை, சுவரைப் பிடித்தார். "ஊட்டுக்காரருக்குக் கண்ணுல பட்டது இதக் கலக்கும்போதுதானே?"

ஏஞ்சலின் மட்டையைப் போட்டுவிட்டு முன்னால் வந்தாள். "அய்யோ, சைட்டுல சார்! இந்த மூட்டையே இவரு அனுப்பினது. பரசுராமன் அண்ணனக் கேளுங்க!"

"அவன் ஆந்திரா சைட்டுக்குப் போயிட்டானே" என்றான் மோகன்ராஜ், சுவரைப் பார்த்தபடி.

பிரின்சி வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

"கம்பெனி சாரா வந்திருக்காரு?" உள்ளேயிருந்து இம்மானுவேலின் குரல் ஆவலோடு கேட்டது. ஈரச் சுவரைத் தடவித் தடவி வாசலுக்கே வந்துவிட்டான். "வராத, உள்ள போ!" என்று ஏஞ்சலின் கத்தினாள். வந்தவர் அதற்குள் போனை உயர்த்திவிட்டார்.

"அண்ணே, ரெண்டு கையையும் கொஞ்சம் காட்டுங்க."

"காட்டறேன் சார்" என்று இம்மானுவேல் பணிவாக, ஆளில்லாத பக்கம் திரும்பி, வெள்ளை அப்பிய இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான்.