எழுதியவர்: நெலு தனாசே

புதன்கிழமை ஐந்து மணிக்கு 'எதிர்க்கரை' வாரப் பத்திரிகையின் பக்கங்கள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அன்று ஐந்தரை ஆகியும் முதல் பக்கமே முடியவில்லை. ஆசிரியர் வியோரிக்கா மேசை மேல் கிடந்த உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உறை ஒட்டப்படவில்லை. நெலு தனாசே கொண்டுவரும் உறைகள் எல்லாமே அப்படித்தான், வாய் திறந்தே இருக்கும். ஆறு வருஷம் சிறையில் இருந்தவன். அங்கே கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும், காவலர் படித்துப் பார்ப்பார். வெளியே வந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கைக்கு இன்னும் ஒட்டத் தோன்றவில்லை.

நெலு எதிரே நின்றுகொண்டிருந்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு ரொட்டிக் கடை அடுப்பில் வேலை. வரும்போதெல்லாம் எள் தூவிய வளைய ரொட்டி ஒரு பை கொண்டுவருவான்.

"ஆறிப்போகுது மேடம். கட்டுரைய அப்புறமா மொறைக்கலாம், மொதல்ல சாப்பிடுங்க."

"அவங்களுக்கு அந்தக் கட்டுரையே தொண்டையில சிக்கி நிக்குது. ரொட்டி எங்க எறங்கும்?" என்று பக்கம் வடிவமைக்கும் ஸாஹாரியே பைக்குள் கைவிட்டார்.

கட்டுரை யூஸ்தின் பிர்ஸோயைப் பற்றியது. மேயர் தேர்தலில் நிற்கிறார். நகரம் முழுக்க அவருடைய சுவரொட்டி, அதில் 'மூன்று ஆய்வு நூல்களின் ஆசிரியர்' என்ற வரி. லஞ்ச வழக்கில் உள்ளே இருந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காலத்துச் சட்டப்படி சிறையில் ஓர் ஆய்வு நூல் எழுதினால் முப்பது நாள் தண்டனை குறையும். மூன்று நூலுக்குத் தொண்ணூறு நாள் முன்னதாகவே பிர்ஸோய் வீடு திரும்பினார். அந்த மூன்றையும் அதே சிறையில், மேல் கட்டிலில் உட்கார்ந்து எழுதியவன் நெலு. கூலியாகக் காபித்தூளும் சிகரெட்டும் கிடைத்தன. அவனுடைய தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

வியோரிக்கா சும்மா நம்பிவிடவில்லை. நெலுவின் ஏழு பள்ளிக்கூட நோட்டுகளையும் வாங்கி வைத்து, நூலகத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்து, நூல்களோடு வரிவரியாக ஒப்பிட்டாள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் சிறைச் சோதனையின் தேதி முத்திரை இருந்தது. சிறை அறையில் நெலுவோடு இருந்த இருவரிடம் தனித்தனியாகப் பேசினாள். வக்கீலிடம் காட்டினாள். பிர்ஸோயிடம் விளக்கம் கேட்டாள், பதில் வரவில்லை. கட்டுரையில் ஓட்டை இல்லை. தகராறு கடைசி வரியில்தான் இருந்தது. அங்கே நெலு தன் முழுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

"ஒரு எழுத்துகூட மாத்தாம போடுறேன், நெலு. பேர் மட்டும் 'நமது நிருபர்'னு இருக்கட்டும்."

"இதுக்கு முன்னாடி மூணு தடவ 'ஒரு வாசகர்'னு போட்டீங்க. நான் வாயே தொறக்கல."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க பேரைப் பாத்ததும் ஜனங்க என்ன கேப்பாங்க? 'நகைக்கடைக் கொள்ளைக்கு வண்டி ஓட்டினானே, அவனா?'ன்னு கேப்பாங்க. பிர்ஸோயை மறந்துடுவாங்க."

"கேக்கட்டும். ஆமா, ஓட்டினேன். அதுக்கு ஆறு வருஷம் குடுத்தாச்சு. இன்னும் எவ்வளவு குடுக்கணும்?"

"சரி, என் பேரையே போட்டுடுறேன். அடி விழுந்தா எனக்கு விழட்டும்."

நெலு சிரித்துவிட்டான். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை அது.

"பிர்ஸோயும் இதையேதான் மேடம் சொன்னான். 'உன் பேர்ல வந்தா எவன்டா படிப்பான், என் பேர்ல வந்தா நூலகத்துல வைப்பாங்க'ன்னான். அவனாவது காபித்தூள் குடுத்தான்."

ஸாஹாரியே மெல்லுவதை நிறுத்தினார். நெலு உறையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா என் பேர் இல்லாம ஒரு வரி வரக்கூடாது."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். ரொட்டிப் பை மேசையிலேயே இருந்தது.

வியோரிக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒன்பது வருஷமாக எவனுக்கும் பயப்படாமல் பத்திரிகை நடத்துகிறாள். விளம்பரக்காரர்கள் ஓடினார்கள், ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள், அப்போதும் நிறுத்தவில்லை. சந்தாதாரர்களை மட்டுமே நம்பி ஓடும் பத்திரிகை இது. முதல் பக்கத்தின் உச்சியில் அவளே எழுதிய வாசகம் வாராவாரம் அச்சாகிறது: 'யாராக இருந்தாலும் பெயரோடு சொல்வோம்.'

அந்த வரியை இன்று படிக்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. திருடிய அதிகாரிகளின் பெயரை எல்லாம் போட்டாள். எழுதிய ஒருவனின் பெயரைப் போடத்தான் தயங்குகிறாள். அவன் நல்லதுக்கா? சந்தாதாரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதாலா? இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நெலு முதன்முதலாக இந்த அறைக்குள் வந்த அன்று, பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். பார்க்காததுபோல் ரொட்டிப் பையை நீட்டினான்.

"ஸாஹாரியே, பக்கத்தை இப்ப முடிச்சு அனுப்பாதீங்க."

"அச்சகத்துக்காரன் என் தோலை உரிப்பான்."

"உரிக்கட்டும்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நெலு அடுப்பு முன்னால் கை நிறைய மாவோடு நின்றிருந்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"நான் பண்ணினது தப்பு. முழுப் பேரும் போடுறேன். ஒண்ணே ஒண்ணு. நீங்க எதுக்காக உள்ள போனீங்கங்கறது முதல் வரியிலயே இருக்கணும். வேற எவனும் அதைத் தோண்டி எடுத்து நம்ம மூஞ்சியில வீசக்கூடாது."

"அது ரெண்டாவது பத்தியில இருக்கே."

"மேல தூக்குங்க."

நெலு ஒரு ரொட்டிப் பையைத் திருப்பி வைத்து, மாவுக் கையோடு எழுதினான்: 'நான் நெலு தனாசே. நகைக்கடைக் கொள்ளை ஒன்றுக்கு வண்டி ஓட்டினேன். ஆறு வருஷத் தண்டனையை முழுக்க அனுபவித்தேன். யூஸ்தின் பிர்ஸோயின் பெயரில் இருக்கும் மூன்று நூல்களையும் எழுதியது நான்தான்.' எழுதி முடித்ததும் சட்டைக்குள் இருந்த உறையையும் சேர்த்து நீட்டினான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் சந்தாவை நிறுத்தினார்கள். பிறகு பிர்ஸோயின் ஆள் தொலைபேசியில் கத்தினான்.

"ஒரு கொள்ளைக்காரன் பேச்சை வெச்சா எங்க ஐயாவைப் பத்திப் போடுறீங்க?"

"உங்க ஐயாவும் அதே ஜெயில்தாங்க, அதே மாடிதான். ஒருத்தர் தன் குத்தத்தை முதல் வரியில எழுதியிருக்கார். இன்னொருத்தர் சுவரொட்டியில ஒளிச்சு வெச்சிருக்கார். நான் யாரை நம்பணும்?"

"வழக்குப் போடுவோம்!"

"தாராளமா போடுங்க. நோட்டு ஏழும் பத்திரமா இருக்கு. உங்க ஐயாவை நீதிபதி முன்னாடி ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க, பாத்துடலாம்."

மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். வழக்கு வருமா, போன சந்தாக்கள் திரும்புமா என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை நெலு வந்தான். ரொட்டிப் பையை வைத்தான், பக்கத்தில் உறையை வைத்தான். சிறை மருத்துவ அறையைப் பற்றிய கட்டுரை என்றான். வியோரிக்கா பழக்கத்தில் உறைக்குள் விரலை விட்டாள். விரல் போகவில்லை. உறை நான்கு பக்கமும் பசை தடவி அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது.

"கத்தரிக்கோல் வேணுமா ஆசிரியரம்மா?" என்றார் ஸாஹாரியே, ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "முப்பத்தொரு பேர் போயிட்டாங்க. இந்த வாரமும் பேர் போடணுமா?"

"போடணும். தண்டனை முடிஞ்சு வந்தவன்கிட்ட 'எழுது, ஆனா பேரைச் சொல்லாதே'ன்னு சொன்னா, அவனை நாம இன்னும் வெளியிலயே விடலைன்னு அர்த்தம். அவன் எழுதினது உண்மையான்னு நூறு தடவ சோதிக்கலாம், அது நம்ம வேலை. அவன் பேரைப் புடுங்கிக்கிறது திருட்டு. அதை பிர்ஸோய் பண்ணினாலும் திருட்டுதான், நான் பண்ணினாலும் திருட்டுதான்."

அவள் உறையின் ஓரத்தை நேராக வெட்டினாள்.

"முதல்ல பேரைப் போடுங்க, ஸாஹாரியே. தலைப்பை அப்புறம் யோசிக்கலாம்."