இங்கிலீஷில் இரண்டு முழம் மல்லி

எனக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது சொன்னால் பொல்லாத கோபம் வரும். நன்றாகவே வரும். எழுதி வைத்ததை உருப்போட்டு ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொன்னால் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால்தான் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதில் என் யோக்கியதை அவ்வளவுதான். அதை நம்பி இன்னொருத்தியின் வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

என் பெயர் தேவகிருபை. ஆம்பூரில் அப்பா சாமுவேல் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறும் தோல்களை நாள் முழுக்கப் புரட்டிப் போடுகிற வேலை. அம்மா நான் பதின்மூன்று வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் கமலவேணி.

கமலவேணி குடியாத்தத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன் பக்தவச்சலம் ஆம்பூர் பஜாரில் கைலிக் கடை வைத்திருந்ததால் அவர் வீட்டில் தங்கிப் படித்தாள். பதினாறு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். எட்டே மாதத்தில் மாப்பிள்ளை காலராவில் போய்ச் சேர்ந்தார். அவள் பழையபடி அண்ணன் வீட்டுக்கே வந்து, கடையின் பின்கட்டில் கைலி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் கிடக்கிற ரகமில்லை அவள். வாய் ஜாஸ்தி. என்னை வம்புக்கிழுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பழக்கப் பெண்களை எடுக்கிறார்கள், எட்டாவது படித்திருந்தால் போதும், ஆனால் இங்கிலீஷில் பேசிக் காட்டவேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் வந்தது. நான் மனுப் போட்டேன். கமலவேணியும் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பக்தவச்சலம் அண்ணன் நல்ல மனிதர். தங்கையை நிமிர்ந்து பார்த்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தா பாரு கிருபை, நீ கூட இருந்தா அனுப்பறேன். தனியா அனுப்ப மாட்டேன். ரெண்டு பேர்ல ஒருத்தி தேறலைன்னாலும் ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்துடணும். சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கமலவேணி கெட்டிக்காரி, தேறிவிடுவாள். நான் கோட்டைவிட்டால் அவள் ஆயுசுக்கும் கைலி மடிக்க வேண்டியதுதான்.

போன வருஷம் போய் வந்த ஒருத்தியிடம் விசாரித்தோம். ஒரு டப்பாவில் சீட்டுகள் இருக்குமாம். பூ, ரயில், மழை, சமையல், ஞாயிற்றுக்கிழமை என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விஷயம். கைக்கு வந்ததைப் பற்றி நாமே பேசவேண்டுமாம். நாங்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். பாதி விஷயங்களை அவள் எழுதுவது, பாதியை நான் எழுதுவது, எல்லாவற்றையும் இருவரும் உருப்போடுவது. பூ அவள் பங்குக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை என் பங்குக்கு வந்தது.

தினமும் சாயங்காலம் கைலி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒப்பிப்போம். நான் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்வேன். சொல்லுகிற வார்த்தைக்கு அர்த்தம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது. அதிலும் பூ எனக்குத் தேன் மாதிரி ஓடும். அதையே சொல்லு, அதையே சொல்லு என்று கமலவேணி என்னைப் போட்டு வதைப்பாள். மற்றதெல்லாம் ஒரு தரம் என்றால் பூ மட்டும் மூன்று தரம்.

பரீட்சை நாளன்று முதல் ரயிலில் எங்களைக் காட்பாடிக்கு அழைத்துப் போய், அங்கிருந்து ஜட்கா வண்டி வைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார் அண்ணன். வராந்தாவில் எங்களோடு பதினோரு பெண்கள். சீட்டு டப்பாவை வைத்துக்கொண்டு நின்றவர் மனோரமா அம்மாள், அங்கே பெரிய நர்சு. நான் கையை விட்டு எடுத்தேன். பூ! எனக்குக் குதிக்கவேண்டும் போல் இருந்தது. கமலவேணியைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு வயதான மிஸ்ஸியம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரி, மூக்குக் கண்ணாடி, எதிரே என் மனு. மனோரமா அம்மாள் அடுத்தவள் எடுக்க டப்பாவை வராந்தாவிலேயே வைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே நடந்த பேச்செல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில்தான் சொல்லப்போகிறேன். என் இங்கிலீஷை உள்ளபடி எழுதினால் மானம் போய்விடும்.

கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பூக்களில் எனக்கு மல்லிகையைப் பிடிக்கும். சாயங்காலமானால் என் அம்மா வாசலில் இரண்டு முழம் வாங்குவாள். அதை என் தலையில் அவளே வைத்துவிடுவாள். வீடெல்லாம் வாசனையாக இருக்கும். வெள்ளிக்கிழமை பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன். பள்ளிகொண்டாவில் ரங்கநாதருக்கு மல்லிகை மாலை சாத்துவோம். ராத்திரி பூவை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவேன்."

ஒரே மூச்சு. ஒரு எழுத்துப் பிசகவில்லை. பெருமையோடு நிமிர்ந்து பார்த்தேன். மிஸ்ஸியம்மா என் மனுவைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பூர் சபையைச் சேர்ந்த சாமுவேலின் மகளா நீ?"

"ஆமாம், அம்மா."

"வெள்ளிக்கிழமை ரங்கநாதர் கோயிலுக்குப் போகிறாய்."

எனக்கு அப்போதுதான் சுரீர் என்றது. எங்கள் சபையில் பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து நான் ஒரு மொட்டுக்கூட வைத்ததில்லை. எண்ணெய் வழியப் பின்னிய மொட்டைப் பின்னலோடுதான் அவள் எதிரிலேயே நிற்கிறேன்.

"உன் அம்மா உனக்குப் பூ வைத்துவிடுகிறாள்" என்றாள் மிஸ்ஸியம்மா. "மனுவில் தாயார் இல்லை என்று எழுதியிருக்கிறதே?"

மனோரமா அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

"இதை எழுதிக் கொடுத்தது யார்?"

சொன்னால் கமலவேணி மாட்டுவாள். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி என்று திருப்பி அனுப்புவார்கள், அப்போதும் அவள்தான் மாட்டுவாள். உருப்போட்டது ஒன்றும் உதவவில்லை. மழையும் ரயிலும் தலைக்குள் கன்னாபின்னாவென்று ஓடின. கடைசியில் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சல் வந்தால் நான் பேசிவிடுவேன்.

"என் தோழி எழுதினாள். வெளியே இருக்கிறாள். பாதி அவள் எழுதினாள், பாதி நான். தப்பு என் மேல், நான் அர்த்தம் பார்க்காமல் படித்தேன். அவளும் பூ வைப்பதில்லை..."

சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே நின்றுபோனேன். அவளும் பூ வைப்பதில்லை. மூன்று வருஷமாக வைப்பதில்லை. நூறு தடவையாவது அந்தப் பூப் பாடத்தை அவள் முகத்துக்கு நேராக ஒப்பித்திருப்பேன், என் மரமண்டைக்கு அது எட்டவேயில்லை.

"அவள் ஏன் வைப்பதில்லை?" என்று கேட்டார் மனோரமா அம்மாள். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"புருஷன் இறந்துவிட்டார். அவள் ஜனங்களில் அதற்குப் பிறகு பூ வைக்கக் கூடாது. எனக்குச் சபை வேண்டாம் என்றது, அவளுக்கு ஊர் வேண்டாம் என்றது. இரண்டு தலையும் ஒன்றுதான்."

"இரண்டும் ஒன்றுதானா?" என்றாள் மிஸ்ஸியம்மா.

"இல்லை" என்றேன். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "எனக்கு யாரும் கொடுக்கவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வாசனை தெரியும்."

அதற்கு மேல் நான் என்னென்ன பேசினேன் என்று வரிசையாக ஞாபகமில்லை. அண்ணன் போட்ட நிபந்தனையைச் சொன்னேன். ஒரு இடம் கொடுத்தால் எங்களுக்கு உபயோகமில்லை, கொடுத்தால் இரண்டு கொடுங்கள் என்று சந்தையில் பேரம் பேசுகிறவள் மாதிரி கேட்டேன். தப்பும் தவறுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். மிஸ்ஸியம்மா எதையோ எழுதிக்கொண்டு, போகலாம் என்று கையைக் காட்டினாள்.

கதவு வரை வந்த மனோரமா அம்மாள் தமிழில் சொன்னார்: "உன் இங்கிலீஷ் ரொம்ப மோசம்மா. ஆனா நிக்காம வருது."

வெளியே வந்தால் கமலவேணி கையில் சீட்டோடு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை! என் உயிரே போய்விட்டது. அதில் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, அப்பா சாமுவேலோடு சர்ச்சுக்குப் போய், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதாக நான்தான் வக்கணையாக எழுதியிருந்தேன். அவளைத் தடுக்க வாயைத் திறந்தேன். மனோரமா அம்மாள் பக்கத்திலேயே நின்று, "அடுத்தது நீதானே, வாம்மா" என்று அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்.

என்னை விட ஜாஸ்தி நேரம் உள்ளே இருந்தாள். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானம் எல்லோரையும் நிற்கவைத்து ஐந்து பெயர்களைப் படித்தார்கள். மூன்றாவது கமலவேணி. ஐந்தாவது தேவகிருபை. அவர்கள் படித்து முடித்த பிறகும் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், தப்பாகப் படித்துவிட்டோம் என்று சொல்லிவிடப் போகிறார்களோ என்று. கமலவேணி என் முழங்கையில் ஒரு கிள்ளு கிள்ளியதும்தான் நம்பினேன். அண்ணன் வாசலில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காட்பாடியில் ரயில் ஏறியதும் அண்ணன் எங்களுக்குக் காபி வாங்க இறங்கினார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், நீ சாமுவேல் பொண்ணா சர்ச்சுக்குப் போனியா இல்லியா?"

"நான் இன்னாத்துக்குப் போறேன்? நீ எழுதின அன்னிக்கே மனசுல மாத்திட்டேன், உங்கிட்ட மட்டும் உன்னுத அப்டியே ஒப்பிச்சேன். ஞாயித்துக்கிழமைன்னா அண்ணிகூட சண்ட, கைலி மூட்டை, எண்ணெ தேச்சிக் குளிக்கறதுன்னு சொன்னேன். அந்தம்மா ஒரே சிரிப்பு. உன்ன மாதிரி கண்ண மூடிக்கினு உருப்போடுவாங்களா?"

"அப்ப பூவையும் மாத்துடின்னு எங்கிட்ட ஏன் சொல்லல? அங்க மானம் போயி நின்னேன் தெரியுமா? உன் விஷயத்தையெல்லாம் சொல்லிட்டேன்."

"தெரியும். என்னையும் கேட்டாங்க."

"கோவமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். அண்ணன் வருகிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டாள்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். தெனம் சாயந்தரம் நீ வந்து, நான் பூ வச்சிக்கிறேன், வீடெல்லாம் வாசனைன்னு சொல்லுவ. கேக்க நல்லா இருந்துச்சு. ஊட்ல அந்தப் பேச்ச எடுக்க முடியாது. எடுத்தா அண்ணன் அன்னிக்குச் சாப்பிடவே மாட்டாரு. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன்."

அவள்மேல் எனக்கு வந்த பாசத்தை எப்படிச் சொல்வது? கட்டிக்கொண்டு அழவேண்டும் போல் இருந்தது. அதற்குள் அண்ணன் காபியோடு ஏறிவிட்டார். எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.

நான் காபியைக் குடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டேன். "மல்லிகையை எதில் கட்டுவது நல்லது? நூலிலா, வாழைநாரிலா?" வாழைநாருக்கு இங்கிலீஷ் தெரியாததால் வாழைமரக் கயிறு என்று ஏதோ சொன்னேன்.

கமலவேணி திடுக்கிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பிறகு மெதுவாக, அதே இங்கிலீஷில், "வாழைக் கயிறுதான். தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

"எத்தனை மொட்டு வைத்து ஒரு கட்டு?"

"இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அவசரப்பட்டால் காம்பு ஒடிந்துவிடும்."

"இன்னா பேசிக்கினு வர்றீங்க?" என்றார் அண்ணன்.

"பாடம்ணா" என்றாள்.

அவருக்கு முகமெல்லாம் பல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோல் வியாபாரியிடம், "ரெண்டும் நர்சு வேலைக்குத் தேறிட்டாங்க, பாய். இனிமே இங்கிலீஷ்தான்" என்று சொல்லிவிட்டு, எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "பேசுங்க, பேசுங்க. கேப்போம்."

பேசினோம். கனகாம்பரம், சாமந்தி, தாழம்பூ என்று ஒன்றையும் விடவில்லை. பெயர் தெரியாத பூவுக்கு நிறத்தைச் சொன்னோம். மேல்பட்டி தாண்டியதும் அவளாகவே தன் கல்யாணத்தன்று பின்னலில் தைத்த பூவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். யார் தைத்தார்கள், எவ்வளவு கனம், மறுநாள் அவிழ்த்தபோது எப்படி வாடியிருந்தது என்று ஆம்பூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.