துவைக்க வந்தவள்

மூட்டையின் முடிச்சை அவிழ்த்துவிட்டு ஒரு சட்டையை எடுக்கப் போன நெலிதாவின் கையை சித்தப்பா தெயோஃபிலோ விலக்கினார்.

"நீ தொடாத. ரத்த உறவு துவைச்சா, செத்தவரு கூடவே வீட்டுக்குத் திரும்பிடுவாரு."

அப்பாவின் துணிகள் ஆற்றங்கரைப் பாறையில் சரிந்து கிடந்தன. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டைகள், கடைசி மாதங்களில் போட்டிருந்த கோடு போட்ட பைஜாமா. இறந்த ஐந்தாம் நாள் இவற்றை ஆற்றில் துவைக்க வேண்டும். அதுவரை உயிர் ஊரை விட்டுப் போகாது. மருமகனோ மருமகளோ துவைப்பார்கள். இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள்.

"நீ ஒருத்தனக் கட்டியிருந்தா இப்ப முட்டியளவு தண்ணில நின்னுக்கிட்டிருப்பான்," என்றார் சித்தப்பா. "இதுக்காகவாவது கட்டியிருக்கலாம்."

நெலிதாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

வெயில் ஏறியது. துவைக்க வருபவர்களுக்காக அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் கரும்புச் சாராயமும் கொண்டுவந்திருந்தார்கள். கூடை மூடியபடியே இருந்தது.

ஒரு காலத்தில் இந்த ஊர் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தைக் கடந்திருக்கிறது. பண்ணையாரிடமிருந்து மேய்ச்சல் நிலத்தை வழக்காடி மீட்டுக் கொடுத்தவர். நாட்டுக்கு ஜனாதிபதியான பிறகும் இங்கே அவர் வக்கீல்தான். பிறகு ஒரு வருடம், சுரங்கம் வேண்டாம் என்று ஊர் அதே பாலத்தை மறித்தது. ராணுவம் சுட்டது. மறுநாள் அப்பா தொலைக்காட்சியில் வந்து, ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்றார். அதன் பின் அவரை இங்கே யாரும் வக்கீல் என்று சொல்லவில்லை. எந்தப் பெயரும் சொல்லவில்லை.

பதவி போயிற்று. சில காலம் வெளிநாடு, அப்புறம் தலைநகர் லிமாவில் ஒரு சின்ன வீடு. இறந்ததும் அரசாங்கம் பீரங்கி வெடித்து மரியாதை செய்தது. சொந்த ஊரில் புதைக்கச் சொல்லியிருந்தார். இங்கே சவப்பெட்டியைச் சிப்பாய்கள்தான் சுமந்தார்கள். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன.

நெலிதா செருப்பைக் கழற்றினாள்.

"நானே துவைக்கிறேன், சித்தப்பா. யாரும் வரமாட்டாங்க."

"அப்புறம் அவரு எங்க போவாரு?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. அவள் செருப்பைக் கையில் வைத்தபடி நின்றாள்.

அப்போது மேட்டிலிருந்து சாதுர்னினா இறங்கி வந்தாள். பாலத்தில் செத்தவர்களில் அவள் கணவனும் ஒருவன். கையில் சோப்புக் கட்டி வைத்திருந்தாள். சித்தப்பா எழுந்து தொப்பியைக் கழற்றினார். அவள் அவரைப் பார்க்காமல், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"நீங்க வருவீங்கன்னு நெனைக்கலம்மா," என்றாள் நெலிதா.

"உங்கப்பாவுக்காக வரல. துவைக்காம விட்டா இங்கயே சுத்திக்கிட்டுக் கெடப்பாரு. எங்க வாசல் வழியா நடப்பாரு. எனக்கு அது வேண்டாம். போகட்டும்."

கோட்டை எடுத்தாள். பழக்கத்தில் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்த்தாள். எல்லாம் காலி. பாறையில் அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நெலிதாவின் தோள் லேசாகக் குறுகியது.

பைஜாமா முடிந்தது. வெள்ளைச் சட்டை ஒன்றை அலசிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்.

"கடைசில எங்களப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

சொன்னார் என்று சொல்லிவிடலாம். சித்தப்பாவின் முகமும் அதைத்தான் கேட்டது. கடைசி நாளில் அப்பா காபி ஆறிவிட்டது என்றார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ஏதாவது வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

சாதுர்னினாவின் கை நின்றது. சட்டை நீரோட்டத்தில் நீண்டு, பாலத்தின் பக்கமாக இழுத்தது. காலரை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்திருந்தாள். விட்டால் போய்விடும்.

"நீ பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றாள் சாதுர்னினா.

பிறகு சட்டையை இழுத்து, இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிந்தாள்.

மற்ற துணிகளையும் துவைத்து எல்லாவற்றையும் பாறைகளில் விரித்தாள். சித்தப்பா கூடையைத் திறந்து நீட்டினார். அவள் சோளத்தையும் தொடவில்லை, சாராயத்தையும் தொடவில்லை. ஆனால் போகவும் இல்லை. நெலிதாவிடமிருந்து தள்ளி, ஒரு பாறையில் உட்கார்ந்து ஈரப் பாவாடையைக் காலோடு சேர்த்துப் பிழிந்துவிட்டாள். காய்கிற வரை துவைத்தவர்கள் இருக்க வேண்டும்.

வெயில் மெல்ல எதிர்க்கரைக்கு நகர்ந்தது. சாதுர்னினா எழுந்துபோய் வெள்ளைச் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அதைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை வெயிலுக்குப் போட்டாள். சட்டைக் கைகளை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்தாள்.