அட்மின் யாரு?

நேர்காணலின் நடுவே, சின்னவள் ஒரு கேள்விக்கு உற்சாகமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் திரையில் எதிரே இருந்த அதிகாரியின் முகம் அப்படியே உறைந்து நின்றது. "மேடம், கேக்குதா?" என்றாள். பதில் இல்லை. திரும்பத் திரும்ப இணைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. தன் போன் டேட்டாவை இணைத்து நுழைவதற்குள் அவர்கள் அழைப்பை முடித்துவிட்டிருந்தார்கள். கூடத்தில் அப்பாவின் போனில் மட்டும் பாட்டு தங்குதடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் தொழில். அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தபோது, ஒரு மாதம் உடனிருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அதே வேலைக்கு ஒரு குழுவையே நடத்தும் பொறுப்பு காலியாக இருந்தது. அதற்கான நேர்காணல்தான் இது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தபோது, "அடுத்தவங்க உள்ள போயிட்டாங்களே" என்றார்கள்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்து வாய்க்கு வந்தபடி கத்தினாள். மதியம் லைன்காரர் வந்தார். சுவரோரப் பெட்டியில் தன் கருவியைச் செருகிப் பார்த்தார். பிறகு ரவுட்டரைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை வாங்கி ஏதோ தட்டினார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க லேப்டாப்பை மட்டும் ரவுட்டர்ல யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க. இதுக்கு அட்மின் யாரு?"

அட்மின் பெரியவன். அவளுடைய அண்ணன். வேறு ஊரில் மனைவி பிள்ளைகளோடு இருப்பவன். போன வருஷம் வந்தபோது, "இது நல்ல ரவுட்டர், நான் அங்கேர்ந்தே பாத்துக்கறேன்" என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனான். நன்றி சொல்லி, நாற்காலி மேல் ஏறி அலமாரியில் வைத்தது அவள்தான்.

லைன்காரர் போன பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள். மறைப்பான், மழுப்புவான் என்று நினைத்தாள். அவனோ குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னான்:

"ஆமா, நான்தான். நீ அந்த ஆஸ்பத்திரி சைட்டையே நாலு நாளா பாத்துக்கிட்டு இருந்தே. ஆப்புல எல்லாம் தெரியுது. நீ பாட்டுக்குப் போயிட்டா அப்பாவை யாரு பாத்துக்கறது?"

"அதை என்கிட்ட கேட்டிருக்கணும்ல?"

"கேட்டா சண்டை போடுவே. சரி விடு, இப்பத் திறந்துட்டேன். வருது பாரு."

வருது பாரு! ஏதோ சோறு போடுவதுபோலச் சொன்னான். இத்தனை நாள் அவள் எதைத் தேடினாள், எந்த வலிக்கு வைத்தியம் படித்தாள், எத்தனை மணிக்கு எதைப் பார்த்தாள் எல்லாம் அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. போனைக் கட்டிலில் வீசினாள். அது துள்ளிக் கீழே விழுந்தது. அதற்கும் சேர்த்து அவனைத் திட்டினாள்.

ரவுட்டரை ரீசெட் செய்து பார்த்தாள். வெட்கங்கெட்ட பெட்டி, எழுந்ததும் மறுபடி பெரியவனின் கணக்கைத்தான் கேட்டது. கடைக்குப் போய் வேறொன்று வாங்கலாம். ஆனால் லைன்காரர் வாசலில் செருப்பு மாட்டும்போது ஒன்று சொல்லியிருந்தார்: "இதுக்குள்ள இருக்கற மென்பொருளையே தூக்கிட்டு வேற போடலாம்மா. ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்னு தேடுங்க. கம்பெனி கணக்கு, ஆப்பு எதுவும் வேணாம். நான் போட்டுத் தரக்கூடாது, வேலை போயிடும்." அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பெட்டியை மாற்றினால் போதாது. பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பிடித்து வெளியே இழுத்துப் போட வேண்டும்.

அவன் கண்ணில் படக்கூடாதென்று தன் போன் டேட்டாவிலேயே எல்லாவற்றையும் படித்தாள். முன்பின் தெரியாத மனிதர்கள் யார் யாரோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ, பொறுமையாக எழுதி வைத்திருந்தார்கள். ஒரே பெயரில் விற்கும் ரவுட்டரிலேயே பல பதிப்புகள் உண்டு, தவறான கோப்பைப் போட்டால் பெட்டி செத்து வெறும் செங்கல்தான் என்றார்கள். அவள் முதலில் இறக்கியதே தவறான கோப்பு. ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தபோது தெரிந்தது. சரியானதை இறக்கினாள்.

அப்பா சீட்டாடப் போயிருந்த நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினாள். லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தாள். ரீசெட் ஓட்டைக்குள் ஊக்கை அழுத்திப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டாள். விளக்கு படபடவென்று சிமிட்டியதும் கையை எடுத்தாள். திரையில் ஒரு வெற்றுப் பக்கமும் ஒரே ஒரு பொத்தானும் வந்தன. கோப்பைக் கொடுத்து அழுத்தினாள். இடையில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. விசிறியைக் கூட அணைத்துவிட்டாள், அதனால் என்ன லாபமோ!

விளக்குகள் அணைந்தன, எரிந்தன, நிலையாக நின்றன. போனை எடுத்து வைஃபையைத் தேடினாள். ரவுட்டரின் பெயரே காணோம். கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வந்தது, இந்தத் தடவை தன்மேலேயே. மறுபடி படித்த பிறகுதான் புரிந்தது: புதிய ஃபர்ம்வேரில் வைஃபை அணைந்தேதான் இருக்குமாம். உள்ளே போய் நாமாகத்தான் போட வேண்டுமாம். கேபிள் வழியாக நுழைந்தாள். வெள்ளைப் பக்கம் ஒன்று திறந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லை, ஒன்று வைத்துக்கொள் என்றது. வைத்தாள். வைஃபையைப் போட்டு, அதற்கும் புதிதாக ஒரு கடவுச்சொல் வைத்தாள். போன் கப்பென்று பிடித்துக்கொண்டது.

மறுநாள் பெரியவன் கூப்பிட்டான். "ரவுட்டர் ஆஃப்லைன்னு காட்டுதே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"அது உனக்கு மட்டும்தான் ஆஃப்லைன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவனே வந்து நின்றான், கையில் புத்தம்புதிய ரவுட்டர் பெட்டியோடு. உள்ளே வந்ததும் வராததுமாகப் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்ட் என்ன?" என்றான்.

"உனக்குக் கிடையாது."

"இது என்னோட ரவுட்டர்."

"தூக்கிட்டுப் போ. ஆனா அதுக்குள்ள நீ இல்ல, முன்னாடியே சொல்லிட்டேன்."

"ரொம்பத்தான் துள்றே! நான் என்ன திருடனா? குடும்பத்துக்காகத்தான் செஞ்சேன்."

"குடும்பம்னா நான் மட்டுமா? நீ எத்தனை நாள் வந்து அப்பாவுக்குத் துணி துவைச்சே? உன் பொண்டாட்டி வேலை பாக்கற நேரத்துல அவ லைனை நிறுத்திப் பாரேன், தைரியம் இருந்தா!"

சத்தம் கேட்டு அப்பா உள்ளிருந்து வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் பெரியவன் வெடித்தான்: "என்னை மட்டும் ஏன் திட்டறே? இன்டர்வியூ எப்பன்னு எனக்கு என்ன சோசியமா தெரியும்? அப்பாதான் போன் பண்ணி, இன்னிக்குக் காலையில பேசப்போறா, எப்படியாவது நிறுத்துன்னாரு."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"கால் வலின்னு சொல்லிச் சொல்லி இருக்க வச்சீங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "தினமும் சீட்டாட நடந்தே போறீங்க. நான் ஒரு வார்த்தை கேட்டேனா அப்பா?"

"தனியா இருக்கப் பயமா இருந்துச்சும்மா" என்றார்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம். அவன்கிட்டப் போய் ஏன் சொன்னீங்க?"

பெரியவன் புதுப் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு மாலை வண்டிக்குக் கிளம்பினான். வாசலில் நின்று, "நீ போனா நான்தான் வந்து பாக்கணும்" என்றான், மிரட்டுவதுபோல.

"ஆமா. வந்து பாரு" என்றாள்.

அந்தப் பொறுப்பை ஆஸ்பத்திரியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். அதே பிரிவில் சாதாரண வேலை ஒன்று இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார்கள். வருகிறேன் என்றாள். இறங்கித்தான் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணனோடும் அப்பாவோடும் அந்தக் கணக்கு இன்னமும் தீரவில்லை. தீர்க்கவும் அவளுக்கு மனமில்லை.

கிளம்புவதற்கு முன் அப்பாவை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள். அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். யார் போன் எப்போது இணைந்தது என்பதெல்லாம் இதன் பாஸ்வேர்ட் இருக்கும்வரை தன்னாலும் பார்க்க முடியும், தன்னாலும் நிறுத்த முடியும் என்று சொன்னாள். "எனக்கு இது வேணாம்ப்பா. நீங்களே ஒரு பாஸ்வேர்ட் போடுங்க. அதை அண்ணனுக்குக் குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். எனக்கும் சொல்லாதீங்க."

அவர் ஒற்றை விரலால் தட்டினார். ஒவ்வோர் எழுத்தையும் தேடி எடுக்க நெடுநேரம் பிடித்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவைப் பார்த்தபடி நின்றாள்.