கதவடியில் அம்மாவின் குரல்

அம்மாவின் குரலைத் திருப்பித் தர முடியாது என்று தேர்தல் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நிரோஜன் தலையாட்டினால்தான் தருவார்களாம்.

ஜெர்மன்காரருக்கு வாக்குக்கும் குரலுக்கும் ஒரே சொல்தான், ஷ்டிம்ம. அதனால் அந்த நாட்டில் ஐரோப்பியத் தேர்தலன்று எல்லோரும் குரலைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். குரல்கள் ரயிலேறி பிரசெல்சுக்குப் போய், ஐரோப்பாவுக்குத் தலைவராக யார் வரவேண்டுமோ அவர் பெயரைக் கூப்பிடும். அவர் வந்து கதிரையில் அமர்ந்ததும் குரல்கள் வீடு திரும்பும்.

நிரோஜனுக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதுதான் முதல் வாக்கு. அவனுக்குக் குரல் உடைகிற காலம் என்பதால் பெட்டி கீச்சுக்குரலை எடுத்துக்கொண்டு கரகரத்ததை அவனிடமே விட்டுவிட்டது. அம்மா யோகமலரிடம் இருந்தது ஒரே ஒரு குரல். அதைப் போட்டுவிட்டு வந்து சைகையால் தேத்தண்ணீர் கேட்டாள்.

இந்த முறை பெரும்பாலான குரல்கள் கூப்பிட்டது மரியெட்டா சோல் என்ற பெயரை. ஊர் ஊராக வந்து, முகத்தைக் காட்டி, வாக்குக் கேட்டவள். ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் அப்போது பிரசெல்சில் விருந்தில் இருந்தார்கள். வெளியே சத்தமாக இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டு, மீனுக்கும் இனிப்புக்கும் நடுவில், தேர்தலில் நிற்கவே நிற்காத ஒருவரைத் தலைவராக்கினார்கள். குரல்கள் இன்னும் கதவடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

பிறகு என்ன கோதாரிக்கு எங்களிடம் வாக்குக் கேட்டீர்கள்? நிரோஜன் இதைத்தான் வருகிற போகிற எல்லோரிடமும் கேட்டான்.

அலுவலகம் ஒரு வழி வைத்திருந்தது. குரல் திரும்பி வர, கூப்பிட்டது விருந்தில் தலைவராக்கிய அவரைத்தான் என்று வீட்டில் வாக்குப் போட்ட எல்லோரும் தலையாட்ட வேண்டும். கீழ்வீட்டுச் சண்முகதாஸ் மாமா அன்றைக்கே ஆட்டிவிட்டார். குரலும் வந்தது. மரியெட்டா என்று சொல்ல வாயெடுத்தால் மற்றவரின் பெயர்தான் வரும், மற்றபடி குறையில்லை. "போய் ஆட்டிப்போட்டு வாடா. தலை என்ன தேஞ்சே போகப்போகுது?" என்றார்.

அம்மாவும் ஆட்டியாயிற்று. அவள் தலை தமிழ் வழக்கப்படி இரண்டு பக்கமும் சரிந்தது. அதை ஓம் என்றும் எடுக்கலாம், பார்ப்பம் என்றும் எடுக்கலாம், போடா என்றும் எடுக்கலாம். அதிகாரி ஹார்ட்மன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் குரல் இல்லாத வீடு முதல் நாள் சொர்க்கமாகத்தான் இருந்தது. எழும்பு எழும்பு என்று ஏச ஆளில்லை. அடுத்த கிழமை அவனே வெள்ளென எழும்பி, ஏச்சு வரும் என்று கட்டிலில் குந்தியிருந்தான். அம்மா அறை வாசலில் வந்து நின்று, வாயைத் திறந்து, மூடிவிட்டுப் போனாள்.

இப்போது இருவரும் ஹார்ட்மனின் மேசைக்கு முன்னால். விருந்து மண்டபத்திலேயே படுத்துவிட்ட தலைவர்களுக்கு யோகமலரின் குரலால் தொந்தரவு என்றார் அவர். பெயரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு வேறு என்னவோ சொல்கிறதாம். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"விடிஞ்சு எவ்வளவு நேரம், இன்னும் என்ன இருப்பு? எழும்புங்கோடா. எழும்பிக் கதவைத் திறவுங்கோ."

அம்மா அதை யாரோ ஒருத்தியின் குரலைப்போலக் கேட்டாள். பிறகு தலையை இரண்டு பக்கமும் சரித்தாள்.

"நீ அப்படி ஆட்டாதே" என்றார் ஹார்ட்மன் நிரோஜனிடம். "மேலும் கீழும். ஒரே ஒரு தரம். இன்றைக்கே அம்மா பேசுவார்."

அவனுக்கு அந்தக் குரல் வேண்டும். ஆட்டினால் வீட்டுக்கு வரும். வந்தால் கதவடியில் ஒன்று குறையும்.

"நாங்கள் கூப்பிட்டது அவரை இல்லை."

"உன்னைப் பேசச் சொல்லவில்லை. ஆட்டத்தான் சொன்னேன்."

தொலைபேசியில் கதிரைகள் இழுபட்டன. இரண்டு பிரதமர்கள் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் பல் தீட்டப் போயிருக்கிறார்கள் என்று அங்கிருந்து ஒருவர் அறிவித்தார். மூன்றாமவர் இன்னும் ஐந்து நிமிடம் கேட்கிறாராம். ஹார்ட்மன் நல்லது என்று சொல்லிவிட்டு நிரோஜனின் தாடையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"மேலும் கீழும்" என்றார் மறுபடியும்.

நிரோஜன் கழுத்தை நேராக வைத்திருந்தான்.