பொருக்கு உதிர்ந்த பட்டி

1

ஆடுகளுக்கு வரும் வைரஸ் நோய்கள் கண்டம் விட்டுக் கண்டம் பரவுவதைப் பற்றி ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். உலக வரைபடத்தின்மேல் சிவப்பு அம்புகள். ஒவ்வோர் அம்பின் முனையிலும் யாரோ ஒருவர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துத் திகைத்திருப்பார். அவர் யார் என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கதை.

முதல் வரி இப்படி இருந்தது: 'நாகப்பட்டினத்துக் கப்பல் கிள்ளான் துறையை நெருங்கியபோது கடல்...'

விட்டுவிட்டேன். கடலை எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். கதை ஆட்டின் உதட்டில் இருக்கிறது.

2

1927. மலாய் நாட்டில், கிள்ளானிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருந்த பிரிக்பீல்ட்ஸில் சீதாலெட்சுமி ஆடு வளர்த்து வீடுகளுக்குப் பால் ஊற்றினாள். கணவன் நாகையாவுக்கு ரயில்வே தண்டவாள வேலை. கிள்ளான் ஆட்டு வியாபாரி அப்துல் கனியிடமிருந்து, கப்பலில் வந்த கிடா ஒன்றை வாங்கினாள். பக்கத்து வீட்டு வீரம்மாவின் பெட்டைகளோடும் அதைச் சேர்த்துவிட்டாள்.

கிடாவின் உதட்டோரம் கொப்புளம் கிளம்பியது. பிறகு கறுத்த பொருக்கு. அடுத்துக் குட்டிகளுக்கு. அவை வாய் வைத்த மடியிலும் புண். வலி பொறுக்காமல் தாய்கள் உதைத்துத் தள்ளின. பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்து ஒவ்வொரு குட்டிக்கும் சீதாலெட்சுமி புகட்டினாள். அப்படியும் ஒன்று செத்தது. வீரம்மா வீட்டிலும் ஒன்று.

அம்மை என்று சொல்லி வீரம்மா வேப்பிலை கட்டினாள். அதிகாரிகள் காதுக்கு எட்டுமுன் எல்லாவற்றையும் வெட்டிப் புதைத்துவிடலாம் என்றான் நாகையா. சீதாலெட்சுமி தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் அதே கொப்புளம். ஆட்டுக்கு வந்தது மனுஷிக்கு எப்படி வந்தது? அவளுக்குப் பயத்தைவிட அதை அறியும் ஆவல்தான் அதிகமாக இருந்தது.

(இங்கே எனக்கொரு சந்தேகம். கிடா விற்றவரிடம் விசாரிக்க அக்காலத்தில் ஒரு பெண் தனியாக ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவாளா? நாகையாவை அனுப்பி ஒரு வரைவு எழுதினேன். அவன் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினானே தவிர, ஒன்றும் விசாரிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு அவளையே அனுப்பினேன்.)

3

கிள்ளானில் அப்துல் கனியின் பட்டியில் நாகப்பட்டினத்து வெள்ளாடுகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செம்மறிகளும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. இரண்டின் வாயிலும் பொருக்கு.

"இது எங்கேர்ந்துண்ணே வந்துச்சு?"

"நம்ம ஆடு கப்பல் ஏறும்போது நல்லாத்தான் இருந்துச்சு, தங்கச்சி. செம்மறி கொண்டாந்ததுன்னு நான் சொல்றேன். செம்மறிக்காரன் நம்ம ஆட்டச் சொல்றான்."

அவள் கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் காட்டினாள். அப்துல் கனி தன் கையை நீட்டினார். சுட்டுவிரலில் அதே புண், பாதி ஆறியிருந்தது.

அவள் இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நாமளுந்தான் கொண்டு போயிருக்கோம்ணே."

4

கிடாவோடு வந்த நோய் இது, என் கையும் பரப்பியிருக்கும் என்று வீரம்மாவிடம் அவளே போய்ச் சொன்னாள். 'வீரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு...' என்று ஆரம்பித்தேன். இல்லை, பிடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் வந்து, முகத்தைப் பார்க்காமல் பாலாடையைக் கேட்டு வாங்கிப் போனாள்.

சீதாலெட்சுமி நோய்ப்பட்டவற்றைத் தனியே கட்டினாள். ஒவ்வொன்றையும் தொட்ட பிறகு கை கழுவினாள். நாளடைவில் பொருக்குகள் உதிர்ந்தன. குட்டிகள் மறுபடி மடியை முட்டின.

5

அப்போது அப்துல் கனி வந்தார். சுமத்ராவில், டெலித் தோட்டத்தில் ஆடு கேட்கிறார்கள், கப்பல் தயாராக நிற்கிறது, கிடாவையும் குட்டிகளையும் கொடு என்றார்.

"காஞ்ச பொருக்கு ஒட்டுமாண்ணே?"

"காஞ்சது எப்படிம்மா ஒட்டும்?"

நியாயமான பதில். ஆனால் பட்டியின் வைக்கோலில் உதிர்ந்து கிடந்தவை கிடாவின் குளம்பில் ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள்.

(இன்று இந்த நோய்க்கு 'ஆர்ஃப்' என்று பெயர். உதிர்ந்த பொருக்கில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் வழியில்லை.)

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கொடுக்கிறாள். மற்றதில் மறுக்கிறாள், அவர் பக்கத்து ஊரான சுங்கை பூலோவில் வேறு ஆடு பிடிக்கிறார். இரண்டிலும் ஆடுகளோடு கப்பல் கிளம்பிவிடுகிறது. நான் எழுதாத ஒன்றை அவளே சொன்னாள்:

"இந்தக் கப்பல் போகட்டும்ணே. மறுபடி புண்ணு வருதா பாத்துட்டு அடுத்த கப்பலுக்குத் தரேன்."

அப்துல் கனி வாசலில் நிற்கிறார். அவரை என்னால் அசைக்க முடியவில்லை. அவர் இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். அடுத்த கப்பல்வரை பொறுப்பீர்களா?