திங்கட்கிழமை டயாலிசிஸ்

ஞாயிறு சாயங்காலமே ஃபயாஸுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுப் படுத்தான். விடிந்து எழுந்தபோது காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி, விடாத வறட்டு இருமல், அடித்துப் போட்டதுபோல் கால்கள். அம்மா ஃபக்ருன்னிசா மிளகு தட்டிப் போட்ட கஞ்சியை முன்னால் வைத்து, இன்றைக்கு லீவு போட்டுவிடு என்றாள். போடத்தான் வேண்டும் என்று அவனும் நினைத்தான்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த சின்ன டயாலிசிஸ் சென்டரில் அவன் டெக்னீஷியன். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே வந்து, மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை நாலு மணி நேரம் படுத்திருந்துவிட்டுப் போவார்கள். அவர்கள் கையில் ஊசி குத்தி மெஷினோடு இணைக்கத் தெரிந்தவர்கள் அங்கே இரண்டே பேர். இன்னொருவனான கிஷோர் தங்கை கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போயிருந்தான்.

மேனேஜர் அழகேசனுக்குப் போன் செய்து வர முடியாது என்றான். அழகேசன் திட்டவில்லை. திட்டியிருந்தால் போனை வைத்துவிட்டுப் படுத்திருப்பான். எங்கெங்கோ ஆள் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். யாரும் கிடைக்கவில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருப்பதால், திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் கூடுதலாகத் தேங்கியிருக்கும், ஒரு நாள் தள்ளினாலும் மூச்சு முட்டிவிடும் என்பதை அவர் ஃபயாஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொன்னார். கடைசியில், "மாத்திரைய போட்டுக்கினு, மாஸ்க்க மாட்டிக்கினு வந்துடு ஃபயாஸ். பேஷண்டுங்ககிட்ட மட்டும் காய்ச்சல்னு சொல்லாத, பயந்துடுவாங்க" என்றார்.

ஃபயாஸ் கிளம்பினான். ஷேர் ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே போனான்.

அன்றைக்கு முதலில் வந்தவர் திருவேங்கடம். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் மெஷின் சத்தத்தில் நின்றதால் காது மந்தம். சேக்காட்டிலிருந்து மனைவி ஜெகதாம்பாள் அவரை ஆட்டோவில் அழைத்து வருவாள். கிஷோர் ஒருமுறை ஊசியைத் தப்பாகக் குத்திக் கை வீங்கிப்போனதிலிருந்து, என் கையை எங்க பாய்கிட்டதான் குடுப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபயாஸ் ஊசி குத்தும்போது கண்ணைக்கூட மூடமாட்டார்.

அன்று மாடி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. இரண்டு பாதமும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் தர்பூசணி தின்றிருக்கிறார் என்று ஜெகதாம்பாள் புகார் சொன்னாள். அவரைப் பார்த்ததும் ஃபயாஸுக்கு, வந்தது நல்லதாகப் போயிற்று என்றுதான் தோன்றியது. சாயங்காலம்வரை இவர் தாங்கியிருக்கமாட்டார்.

ஊசியைக் குத்தி டியூபை மாட்டிவிட்டுத் திரும்பியவனுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. சுவர்ப்பக்கம் போய் நின்று இருமினான்.

"இன்னா தம்பி, இருமல் பலமா கீது?" என்று கேட்டாள் ஜெகதாம்பாள்.

"தூசிம்மா. கீழ கல்லு அறுக்கறாங்க இல்ல, அது ஒத்துக்க மாட்டேங்குது."

அவள் நம்பினாள். பையைத் துழாவி ஒரு பனங்கற்கண்டுக் கட்டியை எடுத்து, வாயில் அடக்கிக்கொள் என்று கொடுத்தாள்.

டயாலிசிஸ் முடியப்போகும் நேரத்தில் திருவேங்கடத்துக்கு ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கிவிட்டது. மெஷின் கத்தியது. அவர் முகம் வெளிறி, கண் மேலே செருகிக்கொண்டிருந்தது. ஃபயாஸ் ஓடிப்போய்க் கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினான், சலைனைத் திறந்துவிட்டான், ஐயா ஐயா என்று கூப்பிட்டான். வியர்வையிலும் இருமலிலும் ஈரமாகியிருந்த மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல் அந்த மந்தக் காதுக்கு எட்டவில்லை. மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு அவர் முகத்தோடு முகமாகக் குனிந்து கத்தினான். திரும்பத் திரும்பக் கத்தினான். கொஞ்ச நேரத்தில் அவர் இமை அசைந்தது. "போயிட்டேன்னு நெனச்சியா பாய்?" என்று சிரித்தார். ஜெகதாம்பாள் ஃபயாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாஸ்க்கை மேலே இழுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு அதன் பிறகுதான் நினைவு வந்தது.

மறுநாள் கிஷோர் வந்துவிட்டான். ஃபயாஸ் அதற்கு அடுத்த நாள் டாக்டரிடம் போனான். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்ததில் ஃப்ளூ என்று வந்தது. இப்போது ஊரெல்லாம் பரவுகிறது, சீக்கிரம் தொற்றிக்கொள்ளும், வயதானவர்கள் பக்கம் போகாதே என்றார் டாக்டர். எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். 

வெளியே வந்து ஃபயாஸ் அழகேசனைக் கூப்பிட்டான். திங்கட்கிழமை வந்தவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிடுங்கள், லேசாகக் காய்ச்சல் வந்தாலும் உடனே மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ரெஸ்ட் எடு என்றார் அழகேசன். அவர் சொல்லமாட்டார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஜெகதாம்பாளின் நம்பர் ஃபயாஸின் போனிலும் இருந்தது. எடுத்துப் பார்த்தான். என்னவென்று ஆரம்பிப்பது என்று யோசித்தான். தூசி என்று சொன்னோமே என்று நினைத்தான். அவருக்கு ஒன்றும் வராமலேயே போகலாம், வீணாக எதற்குப் பயமுறுத்துவது என்றும் நினைத்தான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனான்.

திருவேங்கடத்துக்கு அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்த மாத்திரையைக் கொடுத்து இரண்டு நாள் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வென்டிலேட்டர் வைத்தார்கள். அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

ஃபயாஸும் அழகேசனும் மாலை வாங்கிக்கொண்டு சேக்காட்டுக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவரைப் பார்த்துவிட்டு ஃபயாஸ் தெருவில் வந்து நின்றான். அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கும் அதே வாரம் காய்ச்சல் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது பைக்கில் அழகேசன் அதையே பிடித்துக்கொண்டார். ஊர் பூராவும் காய்ச்சல், இன்னாரால்தான் வந்தது என்று எவன் சொல்ல முடியும், நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்றார். ஃபயாஸுக்கும் அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது. சில நாட்கள் நம்பவும் செய்தான். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்த வெளிறிய முகமும், அதன் மேல் குனிந்து கத்தும் தன் வாயும்தான் வந்தன.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் ஜெகதாம்பாள் சென்டருக்கு வந்தாள். கையில் ஐஸ் கட்டி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் திருவேங்கடத்துக்காக வாங்கி மீந்துபோன ஊசி மருந்துகள், ரத்தம் ஊறுவதற்குப் போடுவது. வீணாகப் போகக்கூடாது, வாங்க முடியாதவர்கள் யாருக்காவது போட்டுவிடு என்றாள். ஃபயாஸ் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அந்த இருமல் போச்சா தம்பி? ரொம்ப இளைச்சிட்டியே."

அவன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவளையும் உட்காரச் சொன்னான்.

"அது தூசி இல்லம்மா. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். ஐயாவுக்கு என்னாலதான் வந்திருக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவன் மறுபடியும், டாக்டர் சொன்னது, போன் செய்ய நினைத்துச் செய்யாமல் விட்டது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னான்.

"காய்ச்சல்னு தெரிஞ்சேதான் வந்தியா?"

"தெரிஞ்சேதாம்மா."

"நீ வராம இருந்திருந்தா அவரு இன்னா ஆயிருப்பாரு?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்கலாம். அதுவரைக்கும் தாங்கியிருப்பாரான்னு தெரியலம்மா. பொழச்சும் இருக்கலாம். போன் பண்ணாதது மட்டும் என் தப்புதான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழவில்லை. "மாடி வீட்டுப் பசங்களாலதான் வந்துச்சுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றாள். "தாத்தா தாத்தான்னு அவரு மேலயே உழுந்து பொரளுங்க. எழவுக்குக்கூட அதுங்கள நான் கீழ எறங்க உடல. அதுலயே அவங்க ஊட்ட காலி பண்ணிக்கினு போயிட்டாங்க."

ஃபயாஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத ஏன் தம்பி எங்கிட்ட சொன்ன?" என்று கேட்டாள் அவள். குரலில் கோபம் இல்லை. "உன்ன நல்லவன்னு நெனச்சுக்கினு போயிருப்பேன். இப்ப தனியா ஊட்ல குந்திக்கினு இத நான் இன்னா பண்றது?"

 அவள் காலி டப்பாவை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி மெதுவாக மாடிப்படி இறங்கினாள்.

ஜன்னல் வழியாக எதிரே பஸ் ஸ்டாப் தெரிந்தது. அவள் அங்கே போய் உட்கார்ந்தாள். ஆவடி பஸ் வந்து நின்றது, அவள் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்து போயிற்று. கீழே போய் அவள் பக்கத்திலாவது நிற்கலாம் என்று ஃபயாஸ் நினைத்தான். ஆனால் கிஷோர் மதியத்துக்கு மேல்தான் வருவான். மூன்று பேர் மெஷினில் படுத்திருந்தார்கள், அவர்களை விட்டுவிட்டு அவனால் நகர முடியவில்லை. அப்போது ஒருவர் கை மரத்துப்போகிறது என்று கூப்பிட, அவன் ஜன்னலை விட்டுத் திரும்பிப் போனான்.